கை காட்டாத தரிப்பு

டூங்காபிக்கும் பரமட்டாவுக்கும் இடையில்
நாளுக்கு ஐந்து முறை போய்வருகிறேன்.
பின்னேரம் மூன்றரை என்றால்
வண்டி முழுக்கப் பிள்ளைகள்.
ஒற்றைக் காலுறை கழன்றவன்,
வயலின் பெட்டியை இருக்கையில் இருத்திவிட்டுத்
தான் நின்று வருகிறவள்,
ஐஸ்கிரீம் வாளியில் நத்தைகளோடு இருவர்.
யாருடைய பிள்ளைகள் என்று
ஒருநாளும் கேட்டதில்லை.
அட்டை தட்டும் சத்தம்,
இறங்கும்போது ஒரு நன்றி,
கதவு மூடும்.
அவர்கள் போய்ச் சேருவார்கள் என்பதில்
எனக்கு ஒரு ஐயமும் இருந்ததில்லை.

என் பிள்ளையை மட்டும்
காரில் ஏற்றிக் காரில் இறக்கினேன்.
நூலகம் மூன்று தரிப்புத் தூரம்.

பத்து வயது முடிந்த கிழமை
தேனுகா ஒரு தாளை நீட்டினாள்.
அவளே கீறிய வரைபடம்.
வீடு, ஓடைப் பாலம், தண்ணீர்க் குழாய்.
மேக்பை வந்து தலையில் கொத்தும் மரத்துக்குச்
சிவப்பில் ஒரு புள்ளடி:
செப்டம்பரில் மற்றப் பக்கத்தால் போவேன்.
நாய் உள்ள வீடு. நாயின் பெயர்.
அந்தப் பெயர் எனக்குத் தெரியாது,
ஆறு வருசமாய் அதே தெருவில்
கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போய்வந்த எனக்கு.

வதனி சொன்னாள், போகட்டும்.
நான் சொன்னேன், பார்ப்பம்.
பார்ப்பம் என்றால் இல்லை என்பது
பிள்ளைக்கு எப்போதோ விளங்கிவிட்டது.
தாளை மடித்து
குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டுப் போனாள்.

அன்றிரவு ஒவ்வொன்றாய்க் கூப்பிட்டு விசாரித்தேன்.
தெரு சொன்னது,
என்னில் மூன்று வேகத்தடை போட்டிருக்கிறார்கள்.
ஓடை சொன்னது,
மழை இல்லாவிட்டால் எனக்கு முழங்கால் ஆழம்.
ஆட்கள் சொன்னார்கள்,
நாளுக்கு இருநூறு பேர்
உன் முதுகுக்குப் பின்னால்தானே இருக்கிறோம்.
கடைசியில் மிஞ்சியது
என் பத்து வயதில் உள்ளே வந்து குந்திய ஒன்று.
ஆறு மணிக்கு ஊரடங்கு.
ஊரில் அதை எப்போதோ எடுத்துவிட்டார்கள்.
என் வயிற்றில்தான் இன்னும் எடுக்கவில்லை.

சரி என்றேன்.
புதன்கிழமை, நாலு பத்து பஸ்.
சரி என்ற வாய் மூடுமுன்
ஹர்விந்தருக்கு ஃபோன் எடுத்தேன்:
உன் புதன் ஓட்டத்தைத் தா,
என் ஞாயிறை எடு.
ஞாயிறு இரட்டைச் சம்பளமடா,
உனக்கு என்ன வந்தது என்றான்.

புதன். நாலு பத்து.
வளைவு திரும்பத் தரிப்பில் அவள்.
முதுகில் பை. ஒரு காலில் நின்று
மறு காலால் ஒரு சரளைக்கல்லை உருட்டியபடி.
பஸ் எண்ணைக் கண்டதும் கை உயர்ந்தது.
பிறகு கண்ணாடிக்குப் பின்னால் என்னைக் கண்டாள்.
கை இறங்கிவிட்டது.

ஆனாலும் நிறுத்தினேன். கதவைத் திறந்தேன்.
தற்செயலாய் வந்த முகம் ஒன்றை
வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன்,
அந்த நேரம் பார்த்து அது வரவில்லை.
"அப்பா, நான் அடுத்ததில வாறன்."
கோபம் இல்லை.
மிச்சக் காசை எண்ணித் தருகிற
கடைக்காரரின் குரல்.
அடுத்தது இருபது நிமிசம் பிள்ளை, என்றேன்.
"தெரியும். டைம்டேபிள் பார்த்தனான்."

பின்னால் ஒருவர் இருமினார்.
வண்டிக்கென்று ஒரு நேரம் இருக்கிறது.
கதவை மூடினேன்.

பக்கக் கண்ணாடியில் அவள்
நான் பார்க்கிறேனா என்று பார்க்கவில்லை.
கல் எங்கே போனது என்று தேடிக்கொண்டிருந்தாள்.

நாலரைப் பஸ்ஸில் யார் என்று எனக்குத் தெரியும்.
ரேடியோ கைக்கெட்டும் தூரம்.
லினெட், அந்தத் தரிப்பில் ஒரு சின்னப் பிள்ளை,
இவ்வளவும் சொன்னால் போதும்.
கையை எடுத்து ஸ்டியரிங்கில் வைத்தேன்.
பிறகும் ஒருதரம் எடுத்து வைத்தேன்.

அடுத்த தரிப்பில் ஒரு பொடியன் ஏறினான்.
எட்டு வயது இருக்கலாம்,
சப்பாத்து நாடா அவிழ்ந்து இழுபட.
அட்டையைத் தட்டிவிட்டு
ஆக்கடைசி இருக்கைக்கு நடந்தான்.
நேரம் இரண்டு நிமிசம் பிந்திவிட்டது.
அவன் இருக்கும்வரை
வண்டியை எடுக்கவில்லை.